எந்தக் காளையின் குச்சி? நெய்வேலி வட்டாரத்துக் கறவை மாடுகளும் இனவிருத்திக் கொள்கையும்

பசு கத்துகிறது என்றால் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்கிறோம். அல்லது ஊசி போடுபவரைப் போனில் அழைக்கிறோம். அவர் வந்து கொள்கலனிலிருந்து ஒரு மெல்லிய குச்சியை எடுத்து, வேலையை முடித்துவிட்டுக் கிளம்புகிறார். "எவ்வளவுங்க?" என்று கேட்கிறோம். "எந்தக் காளைங்க?" என்று கேட்பவர் பத்துக்கு ஒருவர்கூட இல்லை.

அந்தக் குச்சிக்குள் இருப்பது கால் மில்லி விந்துதான். பிறக்கப் போகும் கிடேரி எத்தனை லிட்டர் கறக்கும், சித்திரை வெயிலில் தீவனம் தின்னுமா அல்லது நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்குமா, ஈன்றபின் மூன்று மாதத்தில் மறுபடி சினை பிடிக்குமா என்பதற்கெல்லாம் பாதி விடை அதற்குள் இருக்கிறது. மீதிப் பாதி தாயிடமிருந்தும், அதற்குப் பின் நம் தீவனத்திலிருந்தும் வருவது. விதை நெல் வாங்கும்போது ரகம் கேட்கிறோம். மாட்டுக்கு மட்டும் ஏனோ கேட்பதில்லை.

நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு இந்தக் கேள்வி மற்ற ஊர்களைவிட முக்கியமானது. 1956-இல் பழுப்பு நிலக்கரிக் கழகம் தொடங்கப்பட்டது முதல் இங்கே நிலம் சுரங்கத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வந்த நெல் வயலில் இயந்திரங்கள் இறங்கியதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். நிலம் குறைந்தால் முதலில் காணாமல் போவது மேய்ச்சல் புறம்போக்கு. முன்பு பத்து உருப்படிகளைக் காலையில் அவிழ்த்துவிட்டு மாலையில் கட்டிய வீட்டில் இப்போது ஒன்றோ இரண்டோ கறவை மாடுகள் கட்டுத்தறியில் நிற்கின்றன. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயலில் பண்ருட்டி, நெய்வேலிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அதற்குப் பிறகு மரப் பயிரை மட்டும் நம்ப முடியாது என்று ஆகிவிட்டது.

அதே சமயம் விற்பனைக்குக் குறைவில்லை. நகரியத்தில் வட்டம் வட்டமாகக் குடியிருப்புகள் உள்ளன. மாதச் சம்பளக்காரர்கள் வாழும் ஊர். மந்தாரக்குப்பம், வடக்குத்து, வடலூர் பக்கங்களிலிருந்து காலையில் பால் கேன்கள் வண்டியில் போவதை யாரும் பார்க்கலாம். சங்கத்துக்கு ஊற்றுபவர்கள் வேறு. ஆக, இடம் குறைவு, தீவனம் பெரும்பாலும் விலைக்கு, சந்தை அருகில். இந்த நிலையில் உள்ள விவசாயிக்கு எந்த மாடு ஏற்றது என்பதே நம் பிரச்சினை.

கொள்கை சொல்வது என்ன?

நம் நாட்டில் செயற்கை முறைக் கருவூட்டல் 1939-இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் தொடங்கியது. அதன்பின் நெடுங்காலம் நாட்டுப் பசுக்களைச் சிந்தி போன்ற இந்தியக் கறவை இனங்களைக் கொண்டே தரம் உயர்த்த முயன்றார்கள். ஓசூர் கால்நடைப் பண்ணையில் சிவப்புச் சிந்தி மந்தை இருந்ததைப் பழைய ஆட்கள் அறிவார்கள். இன்றும் சில ஊர்களில் எந்தக் கறவைப் பசுவையும் 'சிந்தி மாடு' என்று சொல்வது அந்தக் காலத்து மிச்சம். 1960-களுக்குப் பிறகுதான் அயல்நாட்டுக் காளைகளோடு கலப்பினம் உண்டாக்கும் திட்டம் பரவலாயிற்று.

தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் அடிப்படை விதி எளிமையானது. தனி இனம் என்று சொல்ல முடியாத சாதாரண நாட்டுப் பசுக்களுக்குச் சமவெளியில் ஜெர்சி. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப் பகுதிகளில் பிரீசியன். அயல்நாட்டு ரத்தத்தைப் பாதி அளவில் நிறுத்த வேண்டும். காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம் ஆகியவற்றை அவற்றின் சொந்த வட்டாரங்களில் கலக்காமல் காக்க வேண்டும். எருமைகளுக்கு முர்ரா.

இந்த விதியில் 'பாதி' என்ற சொல்லைத்தான் நாம் காற்றில் விட்டுவிட்டோம்.

கணக்கைப் பாருங்கள். நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி ஊசி போட்டால் பிறக்கும் கிடேரிக்கு அயல் ரத்தம் 50 சதம். அந்தக் கிடேரிக்கும் ஜெர்சியே போட்டால் அதன் கன்றுக்கு 75 சதம். அதற்கும் போட்டால் 87.5 சதம். நடுவில் பால் கூட வேண்டும் என்று பிரீசியன் குச்சி போட்டால்? பாதி ஜெர்சிப் பசுவின் கன்றுக்குக் கால் பங்கு ஜெர்சி, அரைப் பங்கு பிரீசியன், கால் பங்குதான் நாட்டு ரத்தம். பெயர் மாறியதே தவிர அயல் ரத்தம் அதே 75 சதம்தான். முப்பது ஆண்டுகளாக வாய்த்த குச்சியைப் போட்டுவந்த வீடுகளில் இன்று நிற்கும் பசு எத்தனை சதம் என்று யாராலும் சொல்ல முடியாது.

பாதியில் ஏன் நிறுத்த வேண்டும்? முதல் தலைமுறைக் கலப்பினத்தில் இரண்டு நன்மைகள் சேர்கின்றன. சீமை மாட்டின் மடியும், நாட்டு மாட்டின் வெயில் தாங்கும் உடம்பும். 2, 3 லிட்டர் கறந்த பசுவின் மகள் 7, 8 லிட்டர் கறப்பதும், நாலு வயதில் ஈன்ற இனம் மூன்று வயதுக்குள் ஈனுவதும் இதனால்தான். இதற்கு மேல் ஒட்டு வீரியம் என்பதும் உண்டு. வீரிய ஒட்டுப் பருத்தி விதைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் விளைச்சலின் விதையை எடுத்து மறுபடி விதைத்தால் அதே வீரியம் வராது. மாட்டிலும் அப்படியே. அயல் ரத்தம் முக்கால் பங்குக்கு மேல் ஏறும்போது அந்த மாட்டுக்குக் குளிர்ந்த கொட்டகையும், குறையாத பசுந்தீவனமும், உண்ணி இல்லாத தோலும் வேண்டியிருக்கிறது. உண்ணியால் வரும் காய்ச்சலில் முதலில் விழுவது இந்த உயர் கலப்பு மாடுகளே. மே மாதத்தில் நெய்வேலிப் பக்கம் தகரக் கொட்டகைக்குள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே மனிதனே அரை மணி நிற்க முடியாது.

கறுப்பு வெள்ளை மாட்டின் மேல் மோகம்

இருந்தும் விவசாயிகள் பிரீசியனையே கேட்கிறார்கள். உடல் பெரிது, மடி பெரிது, ஒரு வேளைக்கு வாளி நிறைகிறது. கேட்பதில் தவறில்லை. ஆனால் வாளியைப் பார்த்து முடிவு செய்யாமல் நாற்பது மாதக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு பாதி ஜெர்சிப் பசு நாளுக்குச் சராசரி 8 லிட்டர் வீதம் 300 நாள் கறக்கிறது, பதின்மூன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஈனுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பது மாதத்தில் மூன்று ஈற்று, 7,200 லிட்டர். பக்கத்து வீட்டு உயர் கலப்புப் பிரீசியன் நாளுக்கு 12 லிட்டர் வீதம் 330 நாள் கறக்கிறது; ஆனால் சினை நிற்காமல் இருபது மாதத்துக்கு ஒருமுறைதான் ஈனுகிறது. அதே நாற்பது மாதத்தில் இரண்டு ஈற்று, 7,920 லிட்டர். வித்தியாசம் 720 லிட்டர். 2022 நவம்பரில் ஆவின் பசும்பாலுக்குக் கொள்முதல் விலையை லிட்டருக்கு 32-இலிருந்து 35 ரூபாயாக உயர்த்தியது. அந்த விலையில் பார்த்தால் கூடுதல் வரவு 25,200 ரூபாய். நாளுக்கு ஏறத்தாழ 21 ரூபாய்.

செலவு எவ்வளவு? மாடு தன் எடையில் சுமார் இரண்டரை சதம் உலர் தீவனம் தின்னும். 350 கிலோ ஜெர்சிக் கலப்புக்கு 9 கிலோ போதும். 500 கிலோ பிரீசியனுக்குப் பன்னிரண்டரை வேண்டும். ஆக நாளொன்றுக்கு நாலு கிலோ அளவுக்குக் கூடுதல் தீவனம், கறந்தாலும் கறக்காவிட்டாலும். வைக்கோலைக் கட்டுக் கணக்கில் விலைக்கு வாங்குபவருக்கு 21 ரூபாய் அங்கேயே தீர்ந்துவிடும். இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் வைக்கும் அடர்தீவனம் வேறு. ஒரு கன்று குறைவு. மறுபடி மறுபடி ஊசி போட்ட செலவு தனி. பிரீசியன் பாலில் கொழுப்பும் ஜெர்சிப் பாலைவிடக் குறைவு. கொழுப்புப் பார்த்து விலை போடும் சங்கத்தில் அதுவும் இடிக்கும்.

பாசன வசதியோடு அரை ஏக்கர் கம்பு நேப்பியர் புல் போட்டு, கூரை உயர்ந்த கொட்டகையும் வைத்திருப்பவர் பிரீசியன் கலப்பினம் வளர்க்கலாம், நன்றாகவே வளர்க்கிறார்கள். இரண்டு செண்ட் வீட்டு மனையில் மாடு கட்டுபவருக்கு அது ஏற்றதல்ல என்பதே என் கருத்து. இந்த வட்டாரத்தில் கடலைக்கொடி கிடைக்கிறது, கரும்புத் தோகை கிடைக்கிறது, வைக்கோல் கிடைக்கிறது. பண்ருட்டிப் பக்கம் பருவத்தில் பலாத்தோல்கூட மாட்டுக்குப் போடுகிறார்கள். (அளவோடு போடுங்கள், கூடை கூடையாகப் போட்டு வயிறு உப்பிய மாடுகள் உண்டு.) இவற்றைத் தின்று பாலாக்குவதற்கு நடுத்தர உடம்பு உள்ள மாடே பொருத்தம்.

கையில் உள்ள பசு ஏற்கெனவே முக்கால் பங்குக்கு மேல் ஏறிவிட்டதென்று தோன்றினால் என்ன செய்வது? மாட்டை விற்க வேண்டாம்; அடுத்த ஊசியை மாற்றினால் போதும். 75 சதப் பசுவுக்குப் பாதி ரத்தமுள்ள கலப்பினக் காளையின் விந்தைப் போட்டால் கன்று 62.5 சதத்துக்கு இறங்கும். சிந்தி, கிர், சாகிவால் போன்ற இந்தியக் கறவை இனத்தைப் போட்டால் 37.5 சதம். முதல் வழியில் பால் அதிகம் குறையாது. கலப்பினக் காளை என்றதும் ஊரில் சுற்றும் ஏதோ ஒரு கலப்புக் காளை என்று எண்ணிவிடக் கூடாது. அதன் தாய் கறந்த பாலுக்குக் கணக்கு இருக்க வேண்டும். முதல் கலப்பின் ஒட்டு வீரியம் அடுத்த தலைமுறையில் பாதியாகக் குறைவதால், காளையின் பரம்பரைத் தரத்தைக் கொண்டுதான் அதை ஈடுகட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் உதகை, ஈச்சங்கோட்டை, ஓசூர் ஆகிய இடங்களில் அரசின் உறைவிந்து நிலையங்கள் உள்ளன. அங்கே காளைகளைக் காசநோய், கருச்சிதைவு நோய் போன்றவற்றுக்குப் பரிசோதித்தே விந்து எடுக்கிறார்கள். கோயில் காளை வீடு வீடாகப் போகும்போது ஒரு பசுவின் கருச்சிதைவு நோயை அடுத்த பசுவுக்குக் கொண்டு போகும் அபாயம் உண்டு; ஊசியில் அந்தப் பயம் இல்லை. ஆனால் ஊசிக்கு வேறோர் ஆபத்து இருக்கிறது. ஒரு காளையின் ஒரு தடவை விந்தில் சில நூறு குச்சிகள் தயாராகின்றன. அதன் ஆயுளில் ஆயிரக்கணக்கான கன்றுகள். நல்ல காளையானால் மாவட்டமே பயனடையும். மோசமான காளையானாலோ கெடுதலும் அதே அளவு. காளை கறப்பதில்லை, அதன் மகள்கள் கறப்பதைப் பார்த்துத்தான் அதை எடைபோட முடியும். மகள்கள் பிறந்து, வளர்ந்து, ஈன்று, கறக்க ஐந்தாறு ஆண்டுகளாகும். அந்தக் கணக்கு விவசாயிகளின் கொட்டகையிலிருந்துதான் போக வேண்டும். கொள்கை ஏட்டில் நன்றாக இருந்தும் பலன் குறைவதற்கு முக்கியக் காரணம், பால் அளவை யாரும் எழுதி வைக்காததே. இதில் துறைக்கும் பங்கு உண்டு, நமக்கும் பங்கு உண்டு.

எருமையை மறந்தோம்

இனி எருமை. இதைச் சொல்லும்போதுதான் வருத்தமாக இருக்கிறது. கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 2012-இல் சுமார் 7.8 லட்சமாக இருந்த எருமைகள் 2019-இல் சுமார் 5.2 லட்சமாகக் குறைந்துவிட்டன. ஏழே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. தீவனம் இல்லாததால் மட்டும் இப்படி ஆகவில்லை. கலப்பினப் பசுவுக்குக் கடன் கொடுத்தோம், மானியம் கொடுத்தோம், 2011-இல் விலையில்லாக் கறவைப் பசுவும் கொடுத்தோம், எருமையைக் கேட்பாரில்லை.

விலையைப் பாருங்கள். அதே 2022 நவம்பரில் எருமைப் பாலுக்கு ஆவின் விலை 41-இலிருந்து 44 ரூபாயானது. பசும்பாலைவிட லிட்டருக்கு ஒன்பது ரூபாய் கூடுதல். நகரியத்துக் காபிக்கும், தேநீர்க் கடைக்கும், தயிருக்கும் கெட்டிப் பால் வேண்டும். வைக்கோல், தோகை போன்ற முரட்டுத் தீவனத்தைப் பசுவைவிட எருமை நன்றாகச் செரிக்கும்.

இனவிருத்தியிலும் எருமைக்குச் சிக்கல் இல்லை. முர்ரா நம் நாட்டு இனம். அரியானாவிலும் பஞ்சாபிலும் வெயிலில் வளர்வது. அதனால் பாதியில் நிறுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடே கிடையாது. நாட்டெருமைக்கு முர்ரா போட்டால் 50, அதன் மகளுக்கு 75, பேத்திக்கு 87.5 என்று ஏற ஏற நல்லதே. சுருண்ட கொம்பும் கரிய நிறமும் மூன்றாம் தலைமுறையில் வந்துவிடும். சென்னை அருகே அலமாதியில் மத்திய அரசின் முர்ரா எருமைப் பண்ணை இருக்கிறது.

சிக்கல் வேறிடத்தில். எருமை பசுவைப் போல் கத்தி ஊரைக் கூட்டாது. அதன் பருவம் ஊமைப் பருவம். பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் தெரியும். வால் சற்றே தூக்கியிருக்கும், அடிக்கடி சிறுநீர் விடும், அறை வீங்கியிருக்கும், கறக்கும்போது பால் குறையும். கோடையில் பருவமே தலைகாட்டாது. புரட்டாசியிலிருந்து மாசி வரைதான் எருமைக்குச் சினைக் காலம். ஐப்பசி மழையில் வெளியே போய்ப் பார்க்கச் சோம்பல் பட்டால் ஓராண்டு போய்விடும். கோடையில் நாளுக்கு இரண்டு மூன்று தடவை தண்ணீர் ஊற்றிக் கழுவியோ, குட்டையில் விட்டோ வந்தால் பருவம் சீக்கிரம் திரும்பும். கறுந்தோலும் குறைந்த வியர்வைச் சுரப்பியும் உள்ள பிராணிக்குத் தண்ணீர் ஆடம்பரமல்ல. சுரங்க நீர் பரவனாற்றின் வழியே வாலாஜா ஏரிக்கு வரும் பக்கத்து ஊர்களில் இதற்குக் குறைவிருக்காது.

கிராமங்களில் எருமைக்கு ஊசியால் சினை நிற்பது குறைவாக இருப்பதால், நான்கைந்து ஊருக்கு ஒரு நல்ல முர்ராக் கிடாவைப் பால் சங்கமே வைத்துப் பராமரிக்கலாம். ஆனால் இப்போது சட்டம் ஒன்று இருக்கிறது. 2019-இல் வந்த தமிழ்நாடு இனவிருத்திச் சட்டம் பொலிகாளைகளையும், விந்து நிலையங்களையும், ஊசி போடுவோரையும் பதிவுக்கும் சான்றுக்கும் உட்படுத்துகிறது. நோயுள்ள காளையையும் போலிக் குச்சியையும் தடுக்க அது தேவைதான். நாட்டு இனக் காளை வைத்திருப்பவர்கள் அதைக் கண்டு அஞ்சியதிலும் நியாயம் உண்டு. தாலுகா அலுவலகத்துக்கு நாலு தடவை நடக்க வேண்டும் என்றால் ஏழை விவசாயி கிடாவை விற்றுவிட்டுப் போவான். கால்நடை மருத்துவரே ஊருக்கு வந்து பரிசோதித்துச் சான்று தரும் ஏற்பாடு இருந்தால்தான் எருமை பிழைக்கும்.

கொட்டகையில் செய்ய வேண்டியவை

ஊசிக்கு நேரம் முக்கியம். காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலையும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையும் போடுங்கள். கன்று ஈன்று 60 நாளுக்கு முன் அவசரப்பட வேண்டாம். 90 நாளுக்கு மேல் தள்ளவும் வேண்டாம். குச்சி இருப்பது பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில். அதை எடுத்ததும் 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் வைக்க வேண்டும். உள்ளங்கையில் உருட்டியோ சட்டைப் பையில் வைத்தோ போட்டால் பாதி உயிரணுக்கள் வழியிலேயே செத்துவிடும். ஊசி போடுபவர் வரும்முன் வெந்நீரும் தண்ணீரும் தயாராக வையுங்கள், கேட்காமலே செய்வார்.

மூன்று தடவை போட்டும் நிற்காவிட்டால் காளையை மாற்றுவதில் பயனில்லை. மருத்துவரிடம் கருப்பையைப் பரிசோதியுங்கள். தாது உப்புக் கலவை கொடுங்கள். பல வேளைகளில் குறை அங்கேதான் இருக்கும்.

பெண் கன்றே பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்தும் இப்போது கிடைக்கிறது. பத்துக்கு ஒன்பது கிடேரி என்பது உண்மை. ஆனால் அதில் உயிரணு எண்ணிக்கை குறைவாதலால் சினை நிற்பது கொஞ்சம் குறையும். முதல் ஈற்றுக்கு நல்ல உடல்நிலையில் நிற்கும் கிடேரிக்கு அதைப் போடுங்கள். நிற்காமல் படுத்தும் கிழ மாட்டுக்கு வேண்டாம்.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். ஊசி முடிந்ததும் காலிக் குச்சியைத் தூக்கி எறிய விடாதீர்கள். அதன் மேல் காளையின் எண்ணும் இனமும் அச்சிட்டிருக்கும். அதையும், தேதியையும், பசுவின் காதில் உள்ள மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண்ணையும் எழுதுங்கள். 21-ஆம் நாள் மறுபடி பருவம் வருகிறதா என்று பார்த்து அதே பக்கத்தில் குறியுங்கள். கன்று பிறந்து வளர்ந்து அதற்கு ஊசி போடும் நாள் வரும்போது அந்த எண்ணைக் காட்டுங்கள். அதே காளையின் குச்சி என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தகப்பனையே மகளுக்குப் போட்டால் கன்று நோஞ்சானாகும், பாலும் குறையும். மாதத்தில் ஒருநாள், இரு வேளையும் பாலை அளந்து எழுதினால் போதும். தினமும் எழுத வேண்டியதில்லை. எந்தப் பசுவின் கிடேரியை நிறுத்துவது, எதை விற்பது என்பதை அந்த நோட்டே சொல்லும். இப்போது பெரும்பாலும் அதிக விலைக்குக் கேட்கப்படும் நல்ல கிடேரியை விற்றுவிட்டு, விலை போகாததை வீட்டில் வைத்துக்கொள்கிறோம். விற்றே தீர வேண்டுமென்றால், வாங்குபவரிடம் கயிற்றோடு அந்தக் காளை எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.